வெறும் தங்கம்

தாண்டிக்குடியில் ஆகஸ்ட் மாதம்
ஆய்வகச் சன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை.
காப்பிச் செடி இல்லை, ரோடு இல்லை,
நேற்றுப் பார்த்த மலை இல்லை.

உள்ளே, இருட்டறைக் குலுக்கியில்
நிமிடத்துக்குத் தொண்ணூறு தரம்
சுற்றிக்கொண்டிருந்தது விருப்பாச்சி.
மரமாக அல்ல, குலையாக அல்ல.
வாழைப்பூவை மடல் மடலாக உரித்துப் போய்
இனி உரிக்க ஒன்றுமில்லை என்ற இடத்தில்
கத்தி முனையில் எடுத்து வளர்த்த
ரவை போன்ற செல்கள்.

தோட்டத்தில் நிற்பவற்றுக்கு முடிக்கொத்து நோய்.
விரிய இடமில்லாமல் இலைகள்
கடைசி பஸ்ஸின் படிக்கட்டு மாதிரி
உச்சியில் நெருக்கியடித்து நிற்கின்றன.
வைரஸின் ஒரு துண்டைச்
செல்லுக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால்
முழு வைரஸ் வரும்போது அடையாளம் தெரிந்து நறுக்கிவிடும்.
நிதி கேட்ட விண்ணப்பத்தில் இது முதல் பத்தி.
துண்டு தயார். குழாயின் அடியில் ஒரு துளி,
பார்க்கத் தண்ணீர்தான்.
எப்படி உள்ளே அனுப்புவது என்பதில்தான்
மூன்று வாரமாக எங்கள் டீ ஆறிப்போனது.

மின்னதிர்ச்சி என்றார் ஸ்தனிஸ்லாஸ்.
நொதியால் சுவரைக் கரைத்து
செல்லை அம்மணமாக்கி
கண் இமைப்பதற்குள் ஒரு ஷாக்.
சவ்வில் ஓட்டை விழும், அது மூடுமுன் நுழைந்துவிடலாம்.
அம்மணமானது மறுபடி சுவர் கட்டி
இலைவிட வேண்டுமே என்றேன்.
சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது.
அந்த வாதம் அப்படித்தான் முடிந்தது.

கொழுப்புக் குமிழியில் பொதிந்து அனுப்பலாம்.
எலிச் செல்லுக்குச் சரி.
வாழையின் மதில்முன் எண்ணெய் நின்று என்ன செய்யும்?
பக்கத்தைப் புரட்டினோம்.

துப்பாக்கி இருந்தது.
தங்கத் தூளில் துண்டை ஒட்டி
ஹீலியத்தின் அழுத்தத்தில் சுடுவது.
ஹீலியமோ வத்தலக்குண்டிலிருந்து ஏறி வர வேண்டும்;
கொண்டைஊசி வளைவில் மண் சரிந்து
லாரி அடிவாரத்திலேயே நின்றது.
மிச்சமிருந்த வாயுவில் மூன்று தட்டு சுட்டேன்.
ஒன்றுக்கு மறுநாளே சாயம் ஊற்றினேன்:
நானூற்றுப் பதினொரு நீலப் புள்ளிகள்.
(குறிஞ்சி என்று மட்டும் சொல்லிவிடாதே என்று
பார்கவியை முதலிலேயே எச்சரித்திருந்தேன்.
சொல்லவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டாள்.)
மற்ற இரண்டையும் மருந்துத் தட்டுக்கு மாற்றினேன்.
ஆறாவது வாரம் எல்லாமே பழுப்பு.

மிஞ்சியது, மண்ணில் கிடக்கும் ஒரு பாக்டீரியா.
அது கதவை உடைக்காது.
அடிபட்ட செடியிலிருந்து ஏதோ கசியும்;
அதைப் பிடித்துக்கொண்டு வந்து
தன் பொட்டலத்தை ஒப்படைத்துவிட்டு நிற்கும்.
எங்கள் செல்கள் மேலோ ஒரு கீறல் இல்லை.
மூன்று நாள் பக்கத்தில் கிடத்தியும்
அது திரும்பிப் பார்க்கவில்லை.
நீலம், இரண்டு.
அதில் ஒன்று நான் தடுமாறிச் சிந்தியதாக இருக்கலாம்.

திங்கட்கிழமை லாரி வந்தது.
சிலிண்டரை உருட்டி மூலையில் நிறுத்திவிட்டு
கையெழுத்துக்குப் பேனா கேட்டான் டிரைவர்.
இனி எதற்கு என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

பார்கவிதான் கேட்டாள், கையுறையைக் கழற்றியபடி:
"துண்டை ஒட்டாமச் சுட்டா?"
ஸ்தனிஸ்லாஸ் சிரித்தார்.
பிறகு சிரிப்பை நிறுத்தி
தங்கத் தூள் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார்.

எதையும் சுமக்காத தங்கம்.
காயம் மட்டும் அதன் வேலை.
ஒப்படைப்பது பின்னால் வரும் பாக்டீரியாவின் பாடு.
எத்தனை அழுத்தம் கீறல், எத்தனை அழுத்தம் சாவு:
புதன் முழுக்க அதையே
சுட்டுச் சுட்டுப் பார்த்தோம்.

குறிப்பேட்டில் 'முறை' என்ற கட்டம்
ஒரு பெயருக்கு மட்டும் கோடு போட்டது.
ஓரத்தில் சரித்து எழுதினேன்.

இன்று முப்பத்தெட்டாம் நாள்.
ஆறாம் தட்டில், பழுப்புக்கு நடுவே
கடுகளவு வெள்ளை.
மூடியைத் திறக்காமல்
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
பூஞ்சையாகவும் இருக்கலாம்.